பூட்டி வைக்க நினைத்த அறை

கேள்வி: மாடி எழுப்பக் கடன் கேட்டிருக்கிறோம். அடுத்த வாரம் வங்கி சார்பில் வீட்டை மதிப்பிட வருகிறார்கள். திரைச்சீலை மாற்றி, முன்பக்கம் பெயிண்ட் அடித்துவிட்டோம். மாமனார் படுக்கும் பின்னறையில் மட்டும் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. அன்றைக்கு அவரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பி, அறையைப் பூட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். வேறு என்ன தயார் செய்யலாம்?

பதில்: 'வேறு என்ன' அப்புறம் இருக்கட்டும். பூச்சு உதிரும் அளவுக்கு ஓதம் ஒரு வாரத்தில் ஏறாது. எத்தனை மாதமாக அந்தச் சுவரோரம் பெரியவர் படுத்திருக்கிறார்? கடன் என்று வந்த பிறகுதான் அந்தச் சுவர் உங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. அப்போதும் மறைக்க வேண்டியதாகத்தான் பட்டது. இன்று ராத்திரியே அவர் கட்டிலை முன்னறைக்கு மாற்றுங்கள். மதிப்பீட்டாளர் வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டியது அது. அவர் வரும் நாளில் மாமனார் வீட்டில்தான் இருக்க வேண்டும். மாடி தாங்குமா என்று பார்க்க அஸ்திவாரம், தளம், குழாய் ஓடும் பாதை எல்லாம் கேட்பார்கள். வீட்டின் பழைய கதை தெரிந்தவரை வெளியே அனுப்பிவிட்டு யார் பதில் சொல்வது?

பூட்டுவதில் லாபமும் இல்லை. பூட்டிய அறைக்கு 'பார்வையிட இயலவில்லை' என்று எழுதுவார். இன்னொரு முறை வருவார், அல்லது மோசமாக இருக்கும் என்றே வைத்துக்கொள்வார். பெயிண்ட் பூசி மறைப்பது அதைவிட அசட்டுத்தனம். ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னினால் கை முதலில் அங்கேதான் போகும். ஈரத்தின் மேல் பூசிய பெயிண்ட் சீக்கிரமே கொப்புளிக்கும்.

காரணத்தைத் தேடுங்கள். தரையிலிருந்து கிளம்பி ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்று, விளிம்பில் உப்புப் பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். வெளித்தரை, சுவரிலுள்ள ஓதத் தடுப்புக்கு (மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் அடிச்சுவரில் போடும் அடுக்கு) குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். மண்ணோ சிமெண்டோ ஏறியிருந்தால் வெட்டி இறக்குங்கள். மேலிருந்து வழிந்த கறை என்றால் கூரையையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள். நடுச்சுவரில் திட்டாக இருந்தால் மறுபக்கக் குளியலறை மேல் சந்தேகம்: இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மீட்டர் காட்டும் எண்ணைக் குறியுங்கள். யாரும் தண்ணீர் திறக்காமல் காலையில் எண் கூடியிருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் நகரவில்லையா? தரை ஓடுகளின் இடுக்கையும் கழிவுநீர்க் குழாயையும் பாருங்கள், அந்தக் கசிவு மீட்டரில் தெரியாது.

அடைத்தாலும் சுவர் அடுத்த வாரத்துக்குள் காயாது. 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. அதற்குள் பூசவும் கூடாது. வேலை செய்த ரசீது, உடைத்த இடத்தின் படம் இரண்டையும் வைத்துக்கொண்டு அறையைத் திறந்து காட்டுங்கள். காரணம் தெரிந்து அடைத்த ஈரத்தைவிட, காரணம் தெரியாத ஈரத்துக்குத்தான் மதிப்பில் அதிகம் கழிப்பார்கள்.

மற்றவை சொற்பம். திரைச்சீலைக்கு மதிப்பு கிடையாது. அளவெடுக்க வசதியாகச் சுவரோரச் சாமான்களை நகர்த்துங்கள், மொட்டைமாடிச் சாவியை எடுத்து வையுங்கள். பத்திரம், அனுமதி வரைபடம், வரி ரசீது, பெரிய பழுதுவேலைகளின் ஆண்டுவாரிப் பட்டியல் என எல்லாவற்றிலும் நகல் வேண்டும். வரைபடத்தில் இல்லாமல் இழுத்துக் கட்டிய பகுதி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பரப்பு கணக்கில் சேராமல் போகலாம். ஆனால் அவராகக் கண்டுபிடித்தால், நீங்கள் கொடுத்த மற்றத் தாள்களையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்.