அரை வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம்

கேள்வி: விடுமுறைக்கு என் கணவர் ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகளாக இருக்கும். உற்றுப் பார்த்தால் உள்ளேயிருந்து மீனோ மானோ எழும்பி வருமாம். அவருக்கும் பதினொரு வயது மகனுக்கும் உடனே தெரிந்துவிட்டது. எனக்கும் ஆறு வயது மகளுக்கும் ஒன்றுமே தெரியவில்லை. அவள் வழக்கம்போல ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டுகூடப் பார்த்தாள். "பெண் மூளைக்கு இது எட்டாது" என்று அப்பாவும் மகனும் சிரிக்கிறார்கள். பெண்களுக்கு உண்மையிலேயே இந்தத் திறமை குறைவா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கணவர் கேலி செய்கிறார் என்று எனக்கு வரும் கடிதங்களைக் கட்டினால் ஒரு மூட்டை தேறும். அதற்குப் பிறகு வருகிறேன். "வழக்கம்போல ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு" என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, இந்த வழக்கம் எப்போது வந்தது? டிவி பார்க்கும்போதும் பொத்துகிறாளா? வெயிலில் இறங்கினால் ஒரு கண்ணை மட்டும் இடுக்குகிறாளா? கணவரின் சிரிப்பை வார்த்தை பிசகாமல் எழுதத் தெரிந்த உங்களுக்கு, பெற்ற பிள்ளை ஒற்றைக் கண்ணால் பார்ப்பது அரை வரி விஷயமாகப் போய்விட்டதா?

அந்தப் படத்தில் ஒரே புள்ளிக் கோலம் குறுக்காகத் திரும்பத் திரும்ப வருகிறது. சில இடங்களில் மட்டும் இடைவெளியை இம்மியளவு மாற்றி வைத்திருப்பார்கள். இரு கண்களும் வெவ்வேறு புள்ளியைப் பிடிக்க, மூளை இரண்டையும் சேர்க்கிறபோது அந்த மாற்றம் மேடாகவும் பள்ளமாகவும் எழுகிறது. 1979-ல் கிறிஸ்டோபர் டைலர் என்ற பார்வை ஆய்வாளர் ஒற்றைப் படத்திலேயே இதைச் செய்து காட்டினார். இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் மீன் வரும். உங்கள் கணவரை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அடுத்த பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கும் வெறும் புள்ளிதான்.

ஆண், பெண் என்று கேட்டீர்கள். சிக்கலான கோட்டுப் படத்துக்குள் ஒளிந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை 1950-ல் ஹெர்மன் விட்கின் வெளியிட்டார். அதில் ஆண்கள் சராசரியில் சற்று முந்தினார்கள். காய்கறி, பழங்களை முகம்போல அடுக்கிய படங்களை வைத்து 2015-ல் வந்த ஆய்வில் பெண்கள் முந்தினார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்து வைக்கும் இஷிஹாரா சோதனையில் பெரிதும் தடுமாறுகிறவர்கள் ஆண்களே; சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு அவர்களுக்குத்தான் பல மடங்கு அதிகம். இவற்றில் எதுவும் உங்கள் மகளின் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

கண் நன்றாக இருக்கிற பலருக்கும் இந்தப் படம் முதலில் பிடிபடாது. அதனால் மீன் தெரியாததற்காக நான் பதறவில்லை. பொத்துகிற அந்தக் கைதான் என்னைப் பதற வைக்கிறது. பார்வைக் கோளாறாக இருக்கலாம், மாறுகண்ணின் தொடக்கமாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒரு கண் மங்கலாக இருந்தால் மூளை அதை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த கண்ணோடு மட்டும் குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். சோம்பேறிக் கண் என்பார்கள். நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்து வைத்தால் ஒதுங்கிய கண் வேலைக்குத் திரும்பும். ஆனால் ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் கிடைக்கிற பலன் பிறகு கிடைப்பது கடினம். உங்கள் பெண்ணுக்கு ஆறு.

வலியில்லை, கண் சிவக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்க்கிற குழந்தைக்கு, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்ற நினைப்பு. அது எப்படி வந்து உங்களிடம் சொல்லும்? தெரியவில்லை என்று சொல்லும்போதெல்லாம் வீடே கூடிச் சிரித்தால், நாளைக்கு அண்ணன் "மீன்" என்றதும் தானும் "மீன்" என்று சொல்லிவிடும். பள்ளியில் கரும்பலகை தெரியாதபோதும் அதையே செய்யும். குழந்தை பொய் சொல்லப் பழகினால் அது பழக்கிய வீட்டின் குற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மகனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தங்கையைக் கேலி செய்கிற தகப்பன், அந்தப் பையனுக்கும் கெடுதல்தான் செய்கிறார். உங்கள் மூளையை இளப்பமாகப் பேசியதற்காக அவரோடு எப்போது வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், நான் உங்கள் பக்கம். இந்த வாரம் மட்டும் வேண்டாம்.

இந்த வாரம் அவரை ஒருநாள் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். மதுரை உங்களுக்குப் பக்கத்து ஊர். அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மருத்துவர் சொல்வதை அவர் தன் காதால் கேட்கட்டும். இதெல்லாம் குடும்பத்தில் தொடர்வது உண்டு என்பதால் அதே நாளில் உங்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள். பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா என்று யாராவது இழுத்தால் காதில் வாங்காதீர்கள். கண்ணை மறைக்கச் சொன்னார்களானால், அந்த ஒட்டுத்துணியைத் தினமும் ஒட்டிவிடும் வேலையை அவள் அப்பாவிடமே கொடுங்கள்.