கோடாரி அப்புறம், முதல்ல அந்த ரகசியம்

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு. கேரி பால்சன் எழுதின 'ஹாட்செட்' (கைக்கோடாரின்னு அர்த்தம்) நாவலையே திரும்பத் திரும்ப படிச்சிட்டிருக்கான். நான் புரட்டிப் பார்த்தா ஆரம்பத்துலயே பைலட் ஹார்ட் அட்டாக்ல செத்துப் போறார். இப்ப தனக்கும் ஒரு கைக்கோடாரி வேணுமாம். நானும் அவன் அப்பாவும் பிரிஞ்சு ஒரு வருஷம் ஆகுது. இந்த நேரத்துல இந்த புக் தேவையா, எடுத்து ஒளிச்சு வெச்சிடலாமா?

பதில்: ஒளிச்சு வைக்காதீங்க, ப்ளீஸ். புரட்டிப் பார்த்ததோட விடாம முழுசா ஒரு தடவை படிச்சிடுங்க. நீங்க பைலட் சாவைப் பார்த்து பயப்படறீங்க, பையன் மனசு வேற எங்கயாவது மாட்டிட்டு நிக்கலாம். கதையில வர்ற 13 வயசு பிரையனோட அப்பா அம்மா டிவோர்ஸ் ஆனவங்க, லீவுக்கு கனடால இருக்கற அப்பாவைப் பார்க்கப் போறப்பதான் பிளேன் ஏரியில விழுது. அம்மாவை வேற ஒருத்தரோட பார்த்துட்டு அதை யார்கிட்டயும் சொல்ல முடியாம 'ரகசியம்'னு உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கறான், 54 நாள் காட்டுல தாக்குப்பிடிச்சு வீடு திரும்பின பிறகும் அப்பாகிட்ட அதைச் சொல்றதில்ல. உங்க பையன் திரும்பத் திரும்பப் படிக்கிறது இதுக்காகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், கேட்டாத்தானே தெரியும்.

பிரையன் நெருப்பு மூட்டற பக்கங்களை நிதானமா படிங்க. கோடாரியை பாறையில அடிச்சா பொறி பறக்குது, ஆனா காய்ஞ்ச புல்லுல பத்தல, சுள்ளியில பத்தல, பாக்கெட்ல இருந்த 20 டாலர் நோட்டை கிழிச்சுப் போட்டும் பத்தல. பர்ச் மரப்பட்டையை முடி மாதிரி மெல்லிசா உரிச்சு, குருவிக் கூடு மாதிரி சேர்த்து, அப்புறம் வாயால ஊதணும்னு அவனுக்கே தோணினப்பதான் பத்துது. தோத்துட்டு, ஏன் தோத்தோம்னு பார்த்து மறுபடி செய்யறதை இவ்வளவு பொறுமையா பிள்ளைங்களுக்குக் காட்டற எழுத்து ரொம்பக் கம்மி. பால்சனோட சின்ன வயசும் சுலபமா இல்ல, வீட்ல குடிப்பழக்கம், குளிருக்கு ஒதுங்க லைப்ரரிக்குள்ள போனவருக்கு அங்க இருந்த லைப்ரரியன் கார்டு போட்டுக் குடுத்ததை பேட்டிகள்ல நன்றியோட சொல்லியிருக்கார். அதனாலதான் தனியா நிக்கற பிள்ளையோட மனசு அவர் எழுத்துல அப்படியே வருதுன்னு நான் நம்பறேன்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் நீங்க கூட இருங்க. முள்ளம்பன்றி முள்ளு கால்ல குத்தின ராத்திரி பிரையன் அழுது தீர்த்துட்டு, அழுததால எதுவுமே மாறலையேன்னு உணர்றான். காட்டுல அது சரி. ஆனா வீட்ல அழலாம், அம்மாகிட்ட அழலாம்னு உங்க பையனுக்கு யாராவது வாய்விட்டுச் சொல்லணும், அதை நீங்களே சொல்லிடுங்க.

நேரா நம்ம வீட்டு விஷயத்துக்குப் போகாம, "பிரையன் அந்த ரகசியத்தை அப்பாகிட்ட சொல்லியிருக்கணுமா, நீ என்ன நினைக்கிற?"ன்னு சும்மா கேட்டுப் பாருங்க. ரெண்டு பேரும் வேற வேலை பார்த்துக்கிட்டே பேசினா பிள்ளைங்க ஈஸியா பேசும். அவன் என்ன சொன்னாலும் உடனே உங்க பக்க நியாயத்தை ஆரம்பிச்சிடாதீங்க, முழுசா கேளுங்க. அவன் அப்பாவையும் இந்த புக்கைப் படிக்கச் சொல்லுங்க.

கோடாரி இப்ப வேண்டாம். அதுல ஆசை இருந்தா, பழகின பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருந்து நெருப்பு மூட்டக் கத்துக் குடுக்கட்டும். அடுத்ததா படிக்க 1996ல வந்த 'பிரையன்ஸ் வின்டர்' வாங்கிக் குடுங்க, மீட்க ஆள் வராம குளிர்காலம் வந்துட்டா பிரையன் என்ன செய்வான்ங்கறதுதான் அதுல கதை.