ஜன்னல் நகரமாட்டேன் என்கிறதே!

கேள்வி: யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டு 4 வருடம். இழுத்தால் நகரவில்லை, மழைத் தண்ணீரும் உள்ளே வழிகிறது. எண்ணெய் விடலாமா? (வாசகி, காட்பாடி)

பதில்: எண்ணெய் வேண்டாம்மா! சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். வேலூர்ப் புழுதி சும்மா இருக்குமா? ஒரே கோடையில், ஜன்னல் ஓடும் தண்டவாளமெல்லாம் கறுப்புப் பிசின். பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளித் துடையுங்கள். கீழ்ச் சட்டத்தில் சின்னத் துளைகள் இருக்கும், மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, தண்டவாளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே சொட்டினால் சரி. அப்புறம், காய்ந்ததும் ஜன்னல் வழுக்கி நகர அங்கே கொஞ்சம் சிலிகான் ஸ்ப்ரே. சட்டத்துக்குச் சோப்புத் தண்ணீரே போதும். தின்னர், கம்பி நார் பக்கமே போகாதீர்கள்.