பாயிண்டுக்காக ஒரே ஹோட்டலில் தங்கலாமா?

கேள்வி: வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறேன். எங்கே போனாலும் ஒரே நிறுவனத்தின் ஹோட்டலாகத் தேடித்தான் தங்குகிறேன். பக்கத்திலேயே நல்ல அறை குறைந்த வாடகைக்குக் கிடைத்தாலும் தங்கும்போதெல்லாம் கணக்கில் ஏறி, பிறகு இலவச அறையாக மாறும் பாயிண்ட் போய்விடுமே என்று விட்டுவிடுகிறேன். உண்மையிலேயே இதில் எனக்கு லாபம் இருக்கிறதா?

பதில்: பில் கட்டுவது யார் என்று நீங்கள் சொல்லவில்லையே! ஆபீஸ் கட்டுகிறது, பாயிண்ட் உங்கள் கணக்கில் ஏறுகிறது, ஆபீஸ் விதியும் அதைத் தடுக்கவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், தொடருங்கள். சொந்தக் காசு என்றால் கதை வேறு.

மாரியட் ஹோட்டல் நிறுவனத்தின் பாயிண்ட் திட்டமான பான்வாயை எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பாலான பிராண்டுகளில் ஒரு டாலருக்கு 10 பாயிண்ட். 120 டாலர் அறைக்கு 1,200 பாயிண்ட் வரும். ஒரு பாயிண்டின் மதிப்பு ஒரு சென்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள் (பல நேரம் அவ்வளவு தேறாது), ஆக மொத்தம் 12 டாலர். அதே தரத்தில் பக்கத்து ஹோட்டல் 100 டாலருக்குக் கிடைக்கும்போது, இந்த 12 டாலருக்காக நீங்கள் 20 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். வாடகை ஒன்றாகவோ கிட்டத்தட்டவோ இருக்கும்போது பாயிண்ட் தரும் ஹோட்டலுக்குப் போங்கள், அவ்வளவுதான். அப்புறம், எந்தத் திட்டம் அதிக பாயிண்ட் தருகிறது என்று எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹயாட் என்ற இன்னொரு ஹோட்டல் நிறுவனம் டாலருக்கு 5 பாயிண்ட்தான் தருகிறது, ஆனால் அங்கே ஒரு பாயிண்டின் மதிப்பு பொதுவாக அதிகம்.

‘ஸ்டேட்டஸ் கிடைக்குமே’ என்பீர்கள். அதிக இரவு தங்குகிறவர்களுக்குத் தரும் அந்தஸ்துப் படிதான் அது. மாரியட்டில் வருடத்துக்கு 25 இரவு தங்கினால் கோல்டு, 50 இரவு தங்கினால் பிளாட்டினம். கோல்டில் கொஞ்சம் கூடுதல் பாயிண்ட், காலியாக இருந்தால் சற்று நல்ல அறை, முடிந்தால் மதியம் 2 மணி வரை செக் அவுட். இலவசக் காலை உணவு கிடையாது. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சலுகைகள் பிளாட்டினத்தில்தான் தொடங்குகின்றன, அதுவும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். வருடத்துக்கு முப்பது இரவு தங்குகிறவர் 25-ஐத் தாண்டியபின் அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. டிசம்பரில் அடுத்த படிக்கு நாலு இரவு குறைகிறது என்று வேலையே இல்லாமல் அறை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு ‘மேட்ரஸ் ரன்’ என்று செல்லப் பெயர் வேறு!

அறை அப்கிரேடை நம்பி மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். வாசலில் இருப்பது பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை, ஆனால் பெரும்பாலும் கட்டடத்தின் முதலாளி வேறு யாரோ. காசுக்கு விற்கக்கூடிய நல்ல அறையை இலவசமாகத் தூக்கிக் கொடுக்க அவருக்கு என்ன அவசரம்?

கேள்வி: பாயிண்டைச் செலவழிக்காமல் ஓய்வுக் காலத்துக்குச் சேர்த்து வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதற்கு வட்டி கிடையாது. மதிப்பைக் குறைக்கும் உரிமையும் அவர்களிடமே இருக்கிறது. எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்ற நிலையான பட்டியலை ஹில்டன் ஹோட்டல் நிறுவனம் 2017-லும் மாரியட் 2022-லும் எடுத்துவிட்டன. இப்போது வாடகை ஏறினால் கேட்கும் பாயிண்டும் ஏறுகிறது. போதாததற்கு, மாரியட்டில் 24 மாதம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் பாயிண்ட் காலாவதி. சீசனில் வாடகை எகிறும் நாட்களில், வரி சேர்த்த மொத்த வாடகையைப் பாயிண்டால் வகுத்துப் பாருங்கள். ஒரு சென்ட்டைத் தொட்டால் தயங்காமல் செலவழியுங்கள். ஐந்து இரவு சேர்ந்தாற்போல் பாயிண்டிலேயே எடுத்தால் மாரியட்டில் நாலு இரவுக்கான பாயிண்ட் போதும். ஹில்டனிலும் சில்வர் ஸ்டேட்டஸ் முதல் மேலே உள்ளவர்களுக்கு ஐந்தாவது இரவு இலவசம்.

கேள்வி: ஹோட்டலின் சொந்த ஆப்பில் இல்லாமல் வேறு முன்பதிவு ஆப்பில் போட்டாலும் பாயிண்ட் வருமா?

பதில்: பெரும்பாலும் வராது, ஸ்டேட்டஸ் இரவுக் கணக்கிலும் சேராது. அதே அறை, அதே ரத்து விதிகளோடு ஆப்பில் மலிவாக இருந்தால், பெரிய நிறுவனங்களிடம் ‘குறைந்த விலை உத்தரவாதம்’ (வெளியே மலிவாக இருந்தால் ஈடுகட்டுவோம் என்ற வாக்குறுதி) இருக்கும், அதில் விண்ணப்பித்துப் பாருங்கள். நிபந்தனைகள் கறாரானவை. மறுத்துவிட்டால் ஆப்பிலேயே போட்டுவிடுங்கள்.