இருபது பதிவுகளை வைத்துப் பாசி இருக்கும் இடத்தைக் கணிக்கலாமா?

கடல்பாசி பரவல் மாடல், அதாவது பாசி கண்ட இடங்களின் பதிவுகளையும் அங்குள்ள வெப்பம், உப்பு போன்ற மாறிகளையும் வைத்து வேறெங்கே பாசி இருக்கலாம் என்று கணிக்கும் கணினி மாடல் பற்றி வந்த கேள்விகளில் சில.

மரிக்கொழுந்துப் பாசிக்கு மன்னார் வளைகுடாவில் இருபது பதிவுதான் கிடைத்தது. மேக்ஸென்ட் (இப்படிக் கணிக்கும் மென்பொருள்) ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் ஒரே பாறைத்திட்டில் ஒரே நாளில் எடுத்த ஐந்து மாதிரிகள் மாடலுக்கு ஒரே செய்திதான், அதனால் நெருக்கமாகக் கிடப்பவற்றை முதலில் களையுங்கள். மண்டபம் ஊரைச் சுற்றிப் பதிவுகள் குவிந்திருந்தால் அங்கே பாசி அதிகம் என்று அர்த்தமில்லை, ஆய்வு நிலையங்கள் அங்கே இருக்கின்றன, அவ்வளவுதான். மிஞ்சுவது பன்னிரண்டு பதிவு என்றால் பத்து மாறிகளைத் திணிக்காதீர்கள். இரண்டிரண்டு மாறிகளோடு பல சின்ன மாடல்களை ஓட்டிச் சராசரி எடுங்கள். சோதிக்க, ஒவ்வொரு பதிவாக ஒளித்து வைத்து, மற்றவை அதைக் கண்டுபிடிக்கின்றனவா என்று பாருங்கள். 2007-இல் பியர்சன் குழு மடகாஸ்கர் பல்லிகளுக்கு இதைத்தான் செய்தது, ஐந்து பதிவு மட்டுமே இருந்த இனங்களுக்கும் மேக்ஸென்ட் கைகொடுத்தது.

என் மாடலுக்கு ஏயூசி (பாசி இருக்கும் இடத்தையும் மற்ற இடத்தையும் பிரித்தறியும் திறனுக்கான மதிப்பெண், உச்சம் 1) 0.97. நல்லதுதானே?

பின்னணிப் புள்ளிகளை, அதாவது பாசிப் பதிவுகளோடு ஒப்பிட மாடலுக்குக் கொடுக்கும் மற்ற இடங்களை, எங்கிருந்து எடுத்தீர்கள்? இந்தியப் பெருங்கடல் முழுவதிலும் என்றால், 3000 மீட்டர் ஆழத்தில் பாசி வளராது என்பதைத்தான் மாடல் கற்றிருக்கிறது. ஆட்கள் போய்த் தேடியிருக்கக்கூடிய ஆழம் குறைந்த கரையோரத்துக்குள் பின்னணியை அடக்குங்கள், கடற்கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு துண்டை விட்டுவிட்டுச் சோதியுங்கள். மதிப்பெண் இறங்கும். இறங்கிய எண்ணையே கட்டுரையில் போடுங்கள்.

பயோ-ஆரக்கிள் லேயர்கள் (கடலின் தன்மைகளைக் கட்டம் கட்டமாகத் தரும் வரைபடங்கள்) போதுமா?

வெப்பம், உப்பு, நைட்ரேட்டுக்கு நல்ல தொடக்கம், நானும் அதில்தான் தொடங்குவேன். சிக்கல் அளவில் இருக்கிறது. அதன் பழைய பதிப்புகளில் ஒரு கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் அகலம், அதாவது 80 சதுர கிலோமீட்டருக்கு மேல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்தாலே சுமார் 6 சதுர கிலோமீட்டர்தான் வரும்! அப்புறம், பாசிக்கு வேர் கிடையாது, பற்றிக்கொள்ளப் பாறையோ செத்த பவளமோ வேண்டும், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வெறும் மணலில் மரிக்கொழுந்து நிற்காது. அடித்தளம் பாறையா மணலா என்று அந்த லேயர்கள் சொல்வதில்லை. தெளிந்த, ஆழமில்லாத நீரில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் 10 மீட்டர் அளவில் ஓரளவு காட்டிவிடும். கலங்கிய நீரில் அதுவும் உதவாது.

அதைவிட நல்ல வழி, பாம்பன் பக்கம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்பது. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எது கிடைக்கும் என்பதோடு எங்கே கிடைக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும், நம் டேட்டாவில் இல்லாதது இந்த இரண்டாவது விஷயம்தான். ஒன்று மட்டும்: அவர்கள் சம்மதம் இல்லாமல் அந்த இடங்களைத் துல்லியமாக வெளியிடாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு.

மாடல் சிவப்பாக, அதாவது ஏற்றதாகக் காட்டும் இடத்தில் கப்பாபைகஸ் பாசி வளர்க்கலாமா?

அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மிதவையில் கட்டி வளர்க்கும் பாசிக்குப் பாறை தேவையில்லை. அலை, மழைக்கால நன்னீர், பாசியை மேயும் மீன்கள் இவைதான் அங்கே தீர்மானிக்கும். காட்டுப் பாசிப் பதிவையும் மிதவைப் பதிவையும் ஒரே மாடலில் கலக்கவும் கூடாது. குருசடைத் தீவில் இதே பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்தது 2008-இல் ஆய்விதழில் வெளிவந்தது. அதனால் வளர்ப்புக்கு ஏற்ற இடத்தைத் தேடும்போதே பவளத்திட்டுகளின் வரைபடத்தையும் மேலே போட்டுப் பாருங்கள்.

2050-க்குக் கணிக்க எந்த வெப்ப லேயர்?

சராசரியை மட்டும் எடுக்காதீர்கள், உச்ச வெப்பத்தையும் சேருங்கள். 2011-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் வந்த கடல் வெப்ப அலையில் கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசிக் காடுகள் சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கின, வருடச் சராசரி மட்டும் பார்த்த மாடலுக்கு அது பிடிபடாது. பயிற்சி டேட்டாவில் இல்லாத வெப்பநிலை வரும் கட்டங்களை வரைபடத்தில் சாம்பல் நிறமாக்கி விட்டுவிடுங்கள், அங்கே மாடல் சொல்வது ஊகம்தான்.