கண்ணாடி மட்டும் இருந்த அறை

வணக்கம் அம்மா,

என் மகளுக்கு 11 வயது. கைபேசியில் வரும் குட்டி வீடியோக்களைப் பார்த்து, பெரிய பெண்களைப் போல இடுப்பை அசைத்து ஆடுகிறாள். வீட்டுக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. அன்றே கைபேசியைப் பிடுங்கிவிட்டேன். “நாலு பேர் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து உடுத்து” என்றும் சொல்லி வைத்தேன். படங்களும் விளம்பரங்களும் பெண்குழந்தைகளைக் கெடுக்கின்றன. எந்த வயதில் கைபேசி கொடுக்கலாம்? எந்தெந்தச் செயலிகளைத் தடுக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

உங்கள் உடம்பு கூசியதே, அது நியாயமான கூச்சம். அதை விட்டுவிடாதீர்கள்.

வயதுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பல செயலிகள் வைத்திருக்கும் 13 வயது எல்லை, குழந்தையின் மனதைக் கணக்கிட்டு வைத்ததில்லை. அதற்குக் கீழே உள்ளவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக்கூடாது என்ற அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது. அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். தடுக்க வேண்டிய செயலிகளின் பட்டியல் என்னிடம் இல்லை. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று முளைக்கும்.

படங்கள் கெடுக்கின்றன என்கிறீர்கள். சரி. ஃபிஜி நாட்டின் நட்ரோகா பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்தச் சமயத்திலேயே அங்கிருந்த பள்ளி மாணவிகளிடம் பேசினார். எடை குறைக்கச் சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறேன் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து அதே வயதுப் பெண்களிடம் கேட்டபோது நூற்றில் 11 பேர் சொன்னார்கள். பூரித்த உடம்பைக் கொண்டாடிய சமூகம் அது. அந்தப் பெண்கள் பார்த்ததோ சாதாரணத் தொடர்கள்.

நீங்கள் தவறவிடுவது இதைத்தான். திரையில் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கிறீர்கள், கேமரா எங்கே நிற்கிறது என்று கவனிப்பதில்லை. ஆண் பேசினால் அது கண்ணில் நிற்கிறது. பெண் பேசும்போது முகத்தை விட்டுவிட்டு இடுப்புக்கு இறங்குகிறது. இதையே பார்த்து வளரும் சிறுமி, தன்னையும் அந்தக் கேமரா நிற்கும் இடத்திலிருந்தே பார்க்கப் பழகுகிறாள்.

பார்பரா ஃபிரெட்ரிக்சனும் சக ஆய்வாளர்களும் 1998-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவிகளில் சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். தனி அறையில், கண்ணாடி முன்னால் நின்று தன்னைப் பார்த்துவிட்டு, அதே உடையில் கணக்குத் தேர்வு எழுத வேண்டும். நீச்சலுடையில் இருந்தவர்கள் குறைவாக வாங்கினார்கள். இதே சோதனையில் கலந்துகொண்ட ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. அந்த அறையில் வேறு யாருமே இல்லை, க. பார்க்கிற ஆள் அவளுக்குள்ளேயே குடியேறிவிட்டான். உடனே, உடைதான் குற்றவாளி என்று கிளம்பிவிடாதீர்கள். அதே உடையில் நீந்துகிறவள் தண்ணீரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

எனக்குச் சிறு வயதில் ஓட்டப்பந்தயம் என்றால் உயிர். என்மேல் கொள்ளைப் பாசம் வைத்திருந்த ஓர் உறவினர் ஒருநாள், “இனிமேல் பார்த்து ஓடும்மா, எல்லாரும் பார்ப்பாங்க” என்றார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதற்குப் பிறகு கால் முன்னால் ஓடும், நினைப்பு ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த வருடம் பெயர் கொடுக்கவில்லை.

இப்போது, மகளிடம் நீங்கள் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். நாலு பேர் பார்த்தால் எப்படி இருக்கும்! திரை ‘காட்டு’ என்கிறது, நீங்கள் ‘மூடு’ என்கிறீர்கள். யார் பேச்சைக் கேட்டாலும் அந்தப் பிள்ளை நாலு பேர் கண்ணால்தான் தன்னைப் பார்த்தாக வேண்டும். பாதுகாக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இதைச் செய்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கைதட்டிய விருந்தாளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பெரியவர்களிடம் காட்ட முடியாத கோபத்தைக் குழந்தையிடம் காட்டியிருக்கிறீர்கள்.

அவளோடு உட்கார்ந்து பாருங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு, கேமரா இப்போது எங்கே போகிறது, ஏன் அங்கே போகிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். 11 வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் சட்டென்று பிடித்துவிடுவார்கள். மகன் இருந்தால் அவனையும் கூட உட்கார வையுங்கள்.

அப்புறம், அவள் ஆடட்டும். ஆடி முடித்து வந்தால் அழகாக இருந்தாய் என்று சொல்லாதீர்கள். எந்த அடி கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள்.