அரிசியின் கார்பன் கணக்கு: தரகர் தரும் எண்ணை நம்பலாமா?

ஈரோட்டில் அரிசி மாவு ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் கொள்முதலைக் கவனிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒரு கிலோ அரிசிக்கான கார்பன் தடத்தை, அதாவது அதை விளைவித்துக் கொண்டுவர வெளியாகும் வெப்பமூட்டும் வாயுக்களின் அளவை, வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார். தஞ்சாவூர் நெல் என்றால் லாரிப் புகையால் கணக்கு ஏறிவிடும், பக்கத்திலேயே வாங்குங்கள், சான்றிதழ் நான் தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா?"

லாரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சுமார் 200 கிலோமீட்டர் ஏற்றிவருவதால் கிலோவுக்கு 20 முதல் 30 கிராம் வரைதான் கரியமில வாயு கூடும். நெல்லின் பெருங்கணக்கு வயலில் தேங்கும் தண்ணீரில் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் சுமார் 27 மடங்கு வெப்பமூட்டும். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019இல் திருத்திய வழிகாட்டியின்படி, தெற்காசியாவில் தொடர்ந்து நீர் தேங்கும் வயலுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று கொள்ளலாம். நடவுக்குப் பின் 85 நாள், விளைச்சல் 5 டன் என்றால், கிலோ நெல்லுக்கு, கரியமில வாயுக் கணக்கில், ஏறக்குறைய 0.39 கிலோ வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்ட வயலுக்கு அதே வழிகாட்டி 0.55ஆல் பெருக்கச் சொல்கிறது, அங்கே 0.21 ஆகிவிடும். உரமும் டீசலும் தனியே சேரும்.

தரகர்களின் முதல் தந்திரம் இங்கேதான் இருக்கிறது: நெல்லுக்கான எண்ணை அரிசிக்கான எண்ணாகக் காட்டிவிடுவார்கள். நூறு கிலோ நெல்லில் 65 கிலோ அளவே அரிசி தேறும். தவிட்டுக்கும் உமிக்கும் பங்கு பிரிக்காவிட்டால் அந்த 0.39, அரிசியில் 0.6 ஆகும்; 0.21 என்பது 0.33 ஆகும். இரண்டாவது தந்திரம், எந்த வயல், எந்தப் பருவம் என்று கேட்காமல் இந்தியா முழுமைக்கும் ஒரே எண்ணை அச்சிட்டுத் தருவது. மூன்றாவதுதான் மோசமானது: அதே வயல்களில் குறைந்த மீத்தேனைக் கார்பன் வரவாக (கார்பன் கிரெடிட்) வேறொருவருக்கு விற்றுவிட்டு, உங்களிடமும் "குறைந்த கார்பன் அரிசி" என்று விற்பது. வரவு விற்கப்படவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். தயங்குபவரிடம் சரக்கு எடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 0.55 என்ற பெருக்கியைச் சம்பா நெல்லுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துத் தாழ்ந்த களிமண் வயல்களை விவசாயி விரும்பினாலும் காயவிட முடியாது. வடிகால் நிரம்பியிருந்தால் வரப்பை வெட்டியும் பயனில்லை. குறுவையில் காயவிட்டவரே சம்பாவில் நீர் தேக்கியிருப்பார். ஆகவே ஒரே விவசாயியிடம் வாங்கினாலும் குறுவைக்கும் சம்பாவுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். பம்ப்செட் வைத்துக் குறுவை செய்பவரிடம், வயலில் துளையிட்ட குழாய் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே பாய்ச்சினாரா என்று கேளுங்கள். தேதி குறித்த நோட்டு இருந்தால், தரகரின் வண்ணச் சான்றிதழைவிட அதுவே மேல்.

வாடிக்கையாளரின் படிவமோ மூன்று தசம இடம் வரை எண் கேட்கும். வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று மட்டும் கேட்காது. இதை வகுத்தவர்கள் ஒருமுறையாவது வரப்பில் நடந்திருப்பார்களா என்பது ஐயமே. நீங்கள் ஒற்றை எண்ணாகத் தராமல் "மீத்தேன் மட்டும், கரியமில வாயுக் கணக்கில், கிலோ அரிசிக்கு 0.33 முதல் 0.6 கிலோ வரை" என்பதுபோல் எழுதி, பருவம், நீர்ப்பாய்ச்சல், விளைச்சல், அரைவை விகிதம் ஆகியவற்றையும் உரம், டீசல் கணக்கையும் கீழே இணைத்து அனுப்புங்கள்.